பட்டறைச் சாவியும் என் வயிற்றெரிச்சலும்

பொறியியல் கல்லூரி ஆசிரியர் வேலையில், பாடம் நடத்துவது மற்ற வேலைகளுக்கு நடுவே நேரம் கிடைத்தால் செய்வது. அட்மிஷன் பிடிக்க வேண்டும், ஆய்வுக்குழு வந்தால் ஃபைல் அடுக்க வேண்டும், வருடத்துக்கு இரண்டு காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாட்டைத் தொழில்நுட்பத்தில் முன்னுக்குக் கொண்டுவரப் போவது நீங்கள்தான் என்று செமினாருக்குச் செமினார் நம்மிடம் சொல்லிவிட்டு, டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். பிஎச்.டி. முடித்துவிட்டு மே மாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் சக ஜீவன்களே, உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்.

நான் தேனிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை ஆசிரியன். சென்ற வருடம் எங்கள் துறையில் பதினோரு பேர்தான் சேர்ந்தார்கள். அதற்கடுத்த வருடம் பதினைந்து பேராவது தேறாவிட்டால் மெக்கானிக்கலை மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. மூடினால் நான் ஆண்டிபட்டியில் டியூஷன் எடுக்கலாம். இந்தக் கவலையோடு எனக்கு இன்னொரு நோயும் இருந்தது. எங்கள் பட்டறையில் இன்ஸ்ட்ரக்டராக இருக்கும் தனலட்சுமியைக் கண்டால் எனக்கு ஆகாது. கோம்பை ஊர்க்காரர், ஐ.டி.ஐ.யில் லேத்தில் இரும்பு கடைகிற டர்னர் வேலை படித்தவர். பிள்ளைகள் என்னை சார் என்பார்கள், அவரை அக்கா என்பார்கள். அவருக்குத் திராட்சை கொண்டுவந்து கொடுப்பார்கள், எனக்கு குட்மார்னிங் மட்டும் வரும்.

ஓடைப்பட்டியில் ஆள் பிடித்தது

அட்மிஷனுக்கு ஒரு ஆசிரியர், ஒரு இன்ஸ்ட்ரக்டர் என்று ஜோடி போட்டு அனுப்புவார்கள். என் தலையெழுத்து, சென்ற மே மாதம் தனலட்சுமியோடு ஓடைப்பட்டிக்குப் போனேன். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர். மகன் பன்னிரண்டாவது முடித்திருந்தான். அங்கீகாரம், ஸ்மார்ட் கிளாஸ், புத்தாக்க மையம், வளரும் இந்தியா என்று அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசினேன். அவர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதையைப் பார்த்து ஒரு சீட் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பின்னால் திரும்பினால் தனலட்சுமியைக் காணோம். கொட்டகையில் குத்தவைத்து உட்கார்ந்து, மருந்தடிக்கிற பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாளாக அது மருந்தை உறிஞ்சவில்லையாம். ஓடவிட்டு, உறிஞ்சுகிற குழாயின் இணைப்பைக் கையால் இறுக்கிப் பிடித்தார். பம்பு இழுக்க ஆரம்பித்தது. அங்கேதான் காற்று போகிறது என்று சொல்லி, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றிக் கட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தோட்டக்காரர் என்னிடம் வந்து சொன்னார்:

"சார், நீங்க சொன்னதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்தம்மா எந்த பிராஞ்ச்ல இருக்காகளோ, அதுல பயலைப் போட்டுக்கங்க."

சால்வை

காப்புரிமை விஷயம் உங்களுக்குத் தெரியும். விண்ணப்பம் வெளியானாலே போதும், விழா எடுத்துவிடுவோம். நான் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் வாழைத்தார் அறுவடை இயந்திரம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். படம் பிரமாதமாக வந்திருந்தது. நான்கு சக்கரம், இரண்டு கை, மூன்று கேமரா. நான் வாழைத்தாரைக் கடையில்தான் பார்த்திருக்கிறேன் என்பதை அதில் எங்கும் குறிப்பிடத் தேவைப்படவில்லை.

சால்வை போர்த்திய அன்று, வேண்டுமென்றே பட்டறைப் பக்கமாக நடந்தேன். தனலட்சுமி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாழ்த்துச் சொன்னார். படத்தைக் காட்டச் சொல்லி வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார். கிண்டல் செய்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்:

"சார், இது வரப்புல எப்படிப் போகும்?"

ஐம்பது நிமிடமும் ஒரு ஷாஃப்டும்

சுழல்கிற தண்டான ஷாஃப்ட், அதைத் தாங்குகிற பேரிங் வளையத்துக்குள் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பது ஒரு பாடம். ஐம்பது நிமிடம், நாற்பத்திரண்டு ஸ்லைடு போட்டு நடத்தினேன். கடைசி பெஞ்சில் இரண்டு பேர் தூங்கினார்கள். முதல் பெஞ்சில் கார்த்திகா மட்டும் கண்ணை விரித்து வைத்திருந்தாள். அதுவும் மரியாதைக்காகத்தான். சின்னமனூர் பெண், நல்ல மாணவி.

மத்தியானம் பட்டறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், அதே வகுப்பு. தூங்கினவர்கள்தான் முன்னால் நின்றார்கள். தனலட்சுமி ஆளுக்கொரு ஷாஃப்ட் கடையச் சொல்லி, பேரிங்கை மாட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். ஒன்று தொளதொளவென்று விழுந்தது, ஒன்று நுழையவே மாட்டேன் என்றது, கார்த்திகாவுடையது கட்டைவிரலால் அழுத்தியதும் மெதுவாகப் போய் உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பதினாலு வருட சர்வீஸில் என் வகுப்பில் ஒருவரும் கைதட்டியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது, நெஞ்சுவரைக்கும் எரிந்தது. ஜன்னலில் என்னைக் கண்டுவிட்ட கார்த்திகா சந்தோஷமாகச் சொன்னாள்:

"சார், காலையில நீங்க சொன்னது இதுதானா? எங்களுக்குத் தெரியவே இல்ல சார்."

நான் செய்த காரியம்

அப்போது கார்த்திகாவும் அவள் கூட்டாளிகள் மூன்று பேரும், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வரப்பில் போகிற ஒற்றைச் சக்கர வண்டி ஒன்றை ப்ராஜெக்டாகச் செய்துகொண்டிருந்தார்கள். நான்தான் பேப்பரில் கைடு. இன்ஸ்ட்ரக்டருக்குக் கைடாகக் கையெழுத்துப் போட விதி கிடையாது. ஆனால் சாயங்காலமெல்லாம் பிள்ளைகள் தனலட்சுமியோடுதான் இருந்தார்கள். பட்டறைக்குப் பொறுப்பாசிரியன் நான். பாதுகாப்பு விதிகளை முன்னிட்டு நாலு மணிக்குப் பட்டறை பூட்டப்படும் என்று சர்க்குலர் போட்டு, சாவியை என் மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன். விதி இருப்பது உண்மை. அதைப் பதினாலு வருடமாக நான் படித்ததில்லை என்பதும் உண்மை.

பட்டறை இல்லையென்றால் நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதுரைக்கு பஸ் ஏறி, ப்ராஜெக்ட் விற்கிற கடையில் வாங்கிவிட்டார்கள். மற்ற இரண்டு குழுவும் தனித்தனியாகப் போய், கறுப்புக் கோட்டின்மேல் ஓடுகிற ஒரே மாதிரி ரோபோவைக் குழுவுக்கொன்றாக வாங்கி வந்திருந்தது. கார்த்திகா குழு மட்டும் வெளியில் செய்கிறோம், கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு ரோபோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து சொன்னார்:

"போன வாரம்தான் இவரை இன்னொரு காலேஜ்ல பார்த்தேன் சார். இங்க தம்பியோட வந்திருக்காரே."

சின்னமனூர் வாழைத்தோப்பு

தனலட்சுமி தன் கொழுந்தனாரின் வெல்டிங் கடையில் வைத்து அந்த வண்டியை முடித்துக் கொடுத்துவிட்டார் என்று காதில் விழுந்தது. ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம் என்றுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி ஓடுகிற சின்னமனூர் தோப்புக்குத் தனியாகப் போனேன். பொய் சொல்வானேன்.

குறை இல்லை. ஒற்றைச் சக்கரம், இரண்டு கைப்பிடி, நடுவில் தொட்டில் மாதிரி ஒரு தாங்கல், காய் நசுங்காமல் இருக்கப் பழைய மெத்தைப் பஞ்சு. முன்பு இரண்டு பேர் தலையில் வைத்துத் தள்ளாடிக்கொண்டு கொண்டுபோன தார்களை, ஒரு ஆள் வரப்பில் உருட்டிக்கொண்டு லாரிவரைக்கும் போனார். பக்கத்துத் தோப்புக்காரர் தனக்கும் ஒன்று வேண்டுமென்று நின்றுகொண்டிருந்தார். வண்டியின் பக்கத்தில் பெயின்டில் நான்கு மாணவர் பெயர் இருந்தது. அதற்குமேலே, வழிகாட்டி என்று போட்டு, டாக்டர் பட்டத்தோடு சேர்த்து என் பெயர் இருந்தது. தனலட்சுமியின் பெயர் எங்குமே இல்லை. திட்டுவதற்குக்கூட அந்த அம்மாள் எனக்கு இடம் வைக்கவில்லையே என்று அவர்மேல் இன்னும் கோபம் வந்தது. இது யார் பெயர் என்று தெரியாதவன்போல் அந்தத் தோப்பின் சொந்தக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்னார்:

"அந்தம்மாதான் எழுதச் சொன்னாக. காலேஜ்ல அவருதான் பெரிய ஆளாம். ஆனா ஒரு நாளும் இங்கன வந்து எட்டிப் பாத்ததில்ல சார்."

சாவி

இந்த மே மாதம் பதினேழு பேர் சேர்ந்தார்கள். அதில் பாதிக்குமேல் அந்த வண்டியைத் தோப்பில் பார்த்த வீட்டுப் பிள்ளைகள். துறை பிழைத்தது, நானும் பிழைத்தேன். நிர்வாகம் கைடு என்ற முறையில் எனக்கு இன்னொரு சால்வை போர்த்தப் பார்த்தது. காய்ச்சல் என்று சொல்லி விழாவுக்குப் போகவில்லை.

கல்லூரி திறந்த முதல் நாள் சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். இனிமேல் இது உங்களிடமே இருக்கட்டும் என்றேன். என் பாடத்தையும் இங்கேயே நடத்தலாம், நீங்கள் லேத்தில் நில்லுங்கள், நான் போர்டில் நிற்கிறேன் என்றும் சொன்னேன். அதோடு வந்திருக்கலாம். ஆனால் அந்த வண்டியில் இருந்த என் பெயர் என்னை விடவில்லை. பாதுகாப்பும் இல்லை, விதியும் இல்லை, பொறாமையில்தான் பட்டறையைப் பூட்டினேன் என்று சொல்லிவிட்டேன். தனலட்சுமி சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அழுவார் என்றோ, பரவாயில்லை சார் என்பார் என்றோ எதிர்பார்த்தேன். அவர் லேத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பூட்டுன அன்னைக்கே தெரியும் சார். எனக்கும் உங்க மேல உண்டு. பன்னெண்டாவதுல கணக்குல நான்தான் முதல் மார்க்கு. வீட்டுல தம்பிய பி.ஈ. படிக்க வச்சாக, என்னைய ஐ.டி.ஐ.க்கு அனுப்புனாக. உங்க பேருக்கு முன்னாடி இருக்கிற அந்த டாக்டரப் பாக்கும்போதெல்லாம் எனக்கு எரியும். அத வச்சுக்கிட்டு நீங்க பிள்ளைகளத் தூங்க வைக்கிறீகளேன்னு இன்னும் எரியும்."

பொறியியல் கல்வியை உயர்த்த எங்கெங்கோ கமிட்டி போட்டுக்கொண்டிருக்கிறார்கள், எங்கள் மெக்கானிக்கல் துறையை இப்போதைக்கு ஓட்டிக்கொண்டிருப்பது எங்கள் இரண்டு பேர் வயிற்றெரிச்சல்தான்.