ரீவாவின் மாத்திரை

கென்டக்கி மலைப்பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில், கூரைப் பாறை சரியாமல் போல்ட் முடுக்குவது ஹாஸ்கெல் ஸ்டம்போவின் வேலை. ஒருநாள் அந்தப் பாறையே பெயர்ந்து அவன் முதுகில் விழுந்தது.

வலிக்கு மருந்து எழுதித் தரும் டாக்டர் அவன் முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அபின் வகைதான். ஆனா பழக்கமாகாது, தைரியமா போடுங்க" என்று மருந்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஹாஸ்கெல் மறுபடி சுரங்கத்தில் இறங்கினான். பிறகு ஒரு மாத்திரை போதவில்லை. இரண்டும் போதவில்லை. டாக்டர் வாசலில், மாத்திரையை நசுக்கி மூக்கால் உறிஞ்சுபவர்களைப் பார்த்தால் அவனுக்குக் குமட்டும். தன் கையில்தான் சீட்டு இருக்கிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

கண்டபடி எழுதிக் கொடுத்ததற்காக அந்த டாக்டருக்குப் போலீஸ் விலங்கு மாட்டியது. மாத்திரை கிடைக்காமல் ஹாஸ்கெல் பேதியும் நடுக்கமுமாகச் சுருண்டான்.

அவன் வீட்டில்தான் அக்கா ரீவா புற்றுநோயோடு படுத்திருந்தாள். எலும்புவரை பரவிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அவளுக்கும் அதே மாத்திரையைத்தான் கொடுத்திருந்தாள். அவன் அதை எடுத்துக்கொண்டு, அதே நிறத்துச் சளி மாத்திரையை டப்பாவில் போட்டுவைத்தான். அவள் தலையணையைக் கடித்து முனகினாள். அடுத்த அறையில் அவன் சுகமாக டிவியில் பந்தாட்டம் பார்த்தான்.

"மாத்திரை கேக்க மாட்டேங்குதுடா. நர்ஸ்கிட்ட சொல்லேன்."

"சொல்றேன்க்கா."

மறுநாள் அவன் நீட்டிய மாத்திரையை அவள் துப்பினாள்.

"கசப்பே இல்ல. மொத நாளே தெரிஞ்சுபோச்சுடா. நீயா வாயத் தொறப்பியான்னு பாத்தேன்."

ஹாஸ்கெல் அங்கேயே வாந்தியெடுத்தான்.

"தொடச்சிட்டு நர்ஸைக் கூப்புடு. இனி ஒங்கையால ஒண்ணும் வேணாம்."

அவனே நர்ஸிடம் சொன்னான். "அடுத்தவங்க மருந்த எடுத்தா ஜெயில், தெரியுமில்ல? அதுவும் கூடப் பொறந்தவளோடத! சீ!" என்றாள் அவள். டப்பாவைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டாள். நடந்ததைத் தன் மேலதிகாரிக்கும் எழுதினாள். அவன் தினமும் போதைப் பழக்கத்தை விடுவிக்கும் சிகிச்சை நிலையத்துக்குப் போய், மற்றவர்களோடு வரிசையில் நின்று, நாக்கடியில் மாற்று மருந்து வைத்துக்கொண்டான்.

கடைசி வாரங்களில் ரீவா வலியில்லாமல் தூங்கினாள். அவன் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

அடக்கத்தன்று பாதிரியார், "அக்காவைக் கண்ணா பாத்துக்கிட்ட தம்பி" என்றார்.

"பொய்ங்க" என்று ஹாஸ்கெல் எழுந்தான். எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னான். பக்கத்திலிருந்த சித்தி தன் கோட்டை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.