பூட்டியிருந்த தொட்டில் அறை

பிரசவம் முடிந்து, ஆம்பூருக்குப் பக்கத்திலிருந்த ஷூ கம்பெனிக்குத் திரும்பிய நாட்கள் எனக்குத் தண்ணீருக்கடியில் நடந்தவைபோல நினைவிருக்கின்றன. விடியலில் கம்பெனி பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மணல் எது, பனி எது என்று தெரியாது. கைக்குழந்தையான மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருப்பேன். தையல் மெஷின்களின் இரைச்சலுக்குள் எங்கிருந்தோ அவள் அழுவது கேட்கும். கையை நிறுத்திக் கேட்டால் ஒன்றும் இருக்காது. ஆனால் மார்பு அதை நம்பிவிடும், ரவிக்கை நனைந்துபோகும். கம்பெனி கொடுத்த கோட்டை ரவிக்கைமேல் இழுத்து மூடிக்கொண்டு தோலைத் தைப்பேன்.

கம்பெனியிலேயே குழந்தைகள் காப்பகம் இருந்தது. சுவரில் முயலும் யானையும் வரைந்திருக்கும். ஜன்னலோரம் தொட்டில்கள். ஆனால் எப்போதும் பூட்டு தொங்கும். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் அதைத் திறந்து, பொம்மைகளைத் தூசு தட்டி, கூட்டிப் பெருக்கும் பெண் ஒருத்திக்குப் புதுச் சேலை கட்டி ஆயாபோல உட்கார வைப்பார்கள்.

அப்படி ஒரு நாள் மகளையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்த் தொட்டிலில் போட்டேன். வந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மேனேஜரும் சிரிக்க வேண்டியதாயிற்று. நீலத் திரைச்சீலை வழியாக வந்த வெளிச்சத்தில் அவள் தூங்கினாள். அன்று மெஷினுக்குள் அழுகை கேட்கவேயில்லை.

மறுநாளும் தூக்கிப் போனேன். அறை பூட்டியிருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டேன். மேனேஜர் வந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது.

"இன்னிக்கு யாரும் வர்லியேம்மா."

"என் பொண்ணு வந்திருக்கா சார்."

சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் குழந்தையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். பிறகு சாவி கொண்டுவர ஆளனுப்பினார்.

மேலிடத்தில் என்ன பேசினார்களோ தெரியாது. சீக்கிரமே மூடிவிடுவார்கள் என்று சிலர் சொன்னார்கள். அதற்குள் எங்கள் லைனில் இருந்த மற்ற தாய்மார்களும் பிள்ளைகளைத் தூக்கிவர ஆரம்பித்திருந்தார்கள். பிள்ளைகளை உள்ளே வைத்து யார் பூட்டுவது? புதுச் சேலை கட்டி உட்கார வைத்த அந்தப் பெண்ணையே காப்பக வேலைக்கு நிரந்தரமாக வைத்தார்கள். நடுவில் போய்ப் பால் கொடுத்துவரவும் விட்டார்கள்.

தோல் ஒட்டும் பசையின் வாசனை போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போவேன். மடியில் அவள் குடித்தபடியே கண் செருகுவாள். எனக்கும் செருகும். "அம்மாவும் தூங்கிட்டாங்க" என்று அந்தப் பெண் யாரிடமோ மெல்லச் சொல்வது வெகுதூரத்திலிருந்து கேட்கும்.