பயந்துகொண்டே சொன்ன சாட்சி

போன சனிக்கிழமை அருப்புக்கோட்டைச் சந்தையில் ஒரு வான்கோழி என் நண்பரைத் துரத்தியது.

கதை விடவில்லை. யாரோ ஓர் அதிகாரி வீட்டு விருந்துக்காகக் கொண்டுவந்த பறவை, கூடையிலிருந்து தப்பிவிட்டது. கழுத்தை நீட்டிக்கொண்டு, தொண்டைக்குள் ஏதோ குமுறிக்கொண்டு, நேராக எங்களை நோக்கி வந்தது. நான் விலகி நின்றேன். என் நண்பரோ... ஆறடி உயரம், கதவு மாதிரி மார்பு... டீக்கடை பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்!

கடைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணாச்சி, உங்க பேரு என்ன?" என்று கேட்டார்.

"தைரியநாதன்" என்றார் நண்பர், பெஞ்சின் மேலிருந்தே.

சந்தையில் பாதிப் பேர் சிரித்தார்கள். தைரியநாதனும் சேர்ந்து சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அவர்களுக்குத் தெரியாது. இந்த வாரம் இந்தப் பத்தியில் அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் மிஷன் ஸ்கூல் வாத்தியார். ஸ்கூலை ஒட்டி, ஓலைக் கூரை போட்ட ஒரு சர்ச். அந்தச் சபையில் ஞானஸ்நானம் வாங்கியவர்தான் தைரியநாதன். பெயர் வைத்த பாஸ்டர் எந்த நம்பிக்கையில் வைத்தாரோ! இடி என்றால் பயம். ஓணான் என்றால் பயம். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஊருக்குள் வந்தால், அவர் போய்ச் சேரும்வரை இவரைக் காண முடியாது.

ஊரில் எல்லோரும் சுருக்கமாக "தைரியம்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி லேயாள், குள்ளமான, வாய்த்துடுக்கான பெண். போலீஸ் வந்துபோன சாயங்காலங்களில் தெருவில் நின்று, "எங்க வீட்டுத் தைரியத்தைப் பார்த்தீகளா?" என்று விசாரிப்பாள். பார்த்தவர்கள் சிரிக்காமல் எப்படிப் பதில் சொல்வார்கள்?

தைரியநாதனுக்கு ஆடு மேய்க்கிற வேலை. ஆடுகள் பெரிய வீட்டுக்குச் சொந்தம். ஊரில் பாதி நிலம் பெரிய வீட்டுக்குச் சொந்தம். தைரியநாதனின் குடிசை நின்ற இடமும் பெரிய வீட்டுக்குத்தான் சொந்தம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷம் இருக்கும். யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. மழையும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் தைரியநாதன் ஊருக்கு மேற்கே உடைமரக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அப்போது பெரிய வீட்டு மைனர் அங்கே வந்தார். பெரிய வீட்டுக்காரரின் அண்ணன் மகன்; வேலையாட்களுக்குச் சின்ன முதலாளி. தகப்பன் இல்லாத பிள்ளை. வயது இருபதுகூட ஆகவில்லை. கூடவே காதர் பாய். ஊர் ஊராகப் போய் ஆடு வாங்கி, அருப்புக்கோட்டையில் விற்கிறவர்.

மைனர் நல்ல கிடாய்களாகப் பார்த்துக் கைகாட்டினார். பாய் காசு கொடுத்தார். "பிடிச்சுக் கொடு" என்றார் மைனர். தைரியநாதன் பிடித்துக் கொடுத்தார். சித்தப்பாவுக்குத் தெரியாமல் நடக்கிற வியாபாரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பாய்க்குத்தான் எப்படித் தெரியும்?

மறுநாள் பட்டியில் ஆடு குறைந்தது தெரிந்துவிட்டது. மைனர் பயத்தில் ஒரு பொய் சொன்னார். காதர் பாய் திருடிக்கொண்டு போய்விட்டார் என்று! போலீஸ் போய்ப் பாயைப் பிடித்தது. "விலை கொடுத்து வாங்கினேன்" என்று அவர் கதறியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆடு மேய்த்தவரையும் விசாரித்தார்கள். சிவப்புத் தொப்பியைப் பக்கத்தில் பார்த்தவுடன் தைரியநாதன், கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

தலையாட்டியதோடு போகவில்லை. திருச்சுழி கோர்ட்டில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று சம்மன் வந்தது.

பெரிய வீட்டுக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். "ஏலே தைரியம், உடைமரத்து நிழல்ல கண்ணசந்துட்டேன், முழிச்சுப் பார்த்தா பாயி ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போறாருன்னு சொல்லு. அது போதும். மாத்திச் சொன்னேன்னு வையி... அன்னைக்குச் சாயங்காலமே குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போயிரணும்."

அவருக்கு உண்மை தெரியுமா? தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். அண்ணன் பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

அன்று மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தைரியநாதன் ஸ்கூலுக்கு வந்தார். அத்தனை பெரிய உடம்பு பிள்ளைகளின் பெஞ்சில் குறுகி உட்கார்ந்தது.

"வாத்தியாரய்யா, நான் சிலோனுக்கு ஓடிப் போயிரவா?"

"லேயாள் என்ன சொல்லுது?"

"போங்க, ஆனா கப்பல்லயும் பயமா இருக்குமேங்கிறா."

சிரித்துவிட்டோம். பிறகு அவர் அழுதார். "பாயி மேல தப்பு இல்லய்யா. அவுக வீட்டில சின்னஞ்சிறுசா நாலு பிள்ளைக. நான் பொய் சொன்னா அவுக ஜெயிலுக்குப் போயிருவாக. உண்மையைச் சொன்னா நாங்க தெருவுல நிப்போம். ஆண்டவரு என்னைய எதுக்கு அந்த நேரத்துல அந்தக் காட்டுல நிக்க வச்சாரு?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபத்துக்கு முன்னால், "யாருக்காவது விண்ணப்பம் இருக்கிறதா?" என்று பாஸ்டர் கேட்பார். ஒருத்தி குழந்தையின் காய்ச்சலைச் சொல்வாள். ஒருவர் மழையைச் சொல்வார். எத்தனையோ வருஷமாகத் தைரியநாதன் அந்தச் சமயத்தில் உட்கார்ந்திருக்கும் கோரைப்பாயின் நுனியைப் பிய்த்துக்கொண்டு தலைகுனிந்தே இருப்பார். நாலு பேர் பார்க்க எழுந்து நிற்பது... அதுவும் அவருக்குப் பயம்தான்.

அன்று எழுந்து நின்றார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார். வேறு எதுவும் வரவில்லை. அப்படியே நின்றார்.

விஷயம் ஊருக்கே தெரியும். யாரும் "பயப்படாதே" என்று சொல்லவில்லை. சொல்வதற்கு எளிதான வார்த்தை அது. ஆனால் அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் பெரிய வீட்டு நிலத்தில் குடியிருப்பவர்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து லேயாள் எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஜெபம் செய்தாள்.

"ஆண்டவரே, இந்த மனுசனோட பயத்தை எடுத்துப் போடும்னு நானும் கலியாணம் ஆன நாளா கேட்டுட்டேன். நீர் எடுக்கல. சரி, அது இருந்துட்டுப் போகட்டும். அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் இவுகளுக்கு வாயைக் கொடும். கூடவே நில்லும். குடிசையை நாங்க பார்த்துக்கிடுறோம். ஆமென்."

நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அவ்வளவு நேரடியாக ஆண்டவரிடம் பேரம் பேசியதைக் கேட்டதில்லை!

விசாரணை நாளில் விடிந்ததும் நடந்தே கிளம்பினோம். தைரியநாதன், லேயாள், நான். காய்ந்து வெடித்த கரிசலில் திருச்சுழிவரை தைரியநாதன் அடிக்கடி நின்றார். நிற்கும்போதெல்லாம் லேயாளும் நிற்பாள். இழுக்கவும் மாட்டாள், தள்ளவும் மாட்டாள். அவர் காலை எடுத்து வைத்தால் அவளும் வைப்பாள்.

கோர்ட்டில் பெரிய வீட்டுக்காரர் முன் பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் மைனர், சலவை ஜிப்பாவில். காதர் பாய் கூண்டில் நின்றார்; ஆள் பாதியாகியிருந்தார்.

டவாலிக்காரர் வாசலில் வந்து கூவினார். "தைரியநாதன்! தைரியநாதன்! தைரியநாதன்!"

பெயருக்குரியவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். கைப்பிடிக் கட்டையைப் பிடித்தார். அவர் கை நடுங்கியதில் கட்டையும் சேர்ந்து கடகடவென்று ஆடியது. சத்தியம் வாங்கினார்கள். அரசுத் தரப்பில் வழக்கு நடத்திய கோர்ட் இன்ஸ்பெக்டர் கேட்டார்: "அன்னைக்கு ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போனது யாரு?"

மறுபடி கேட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். பாதி மார்பில் வழிந்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

தைரியநாதன் மாஜிஸ்திரேட்டைப் பார்த்துக் கும்பிட்டார். "ஐயா, நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கிடட்டுமா?"

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டு, "மூடிக்கொள்" என்றார்.

கண்ணை மூடினார். கைகளைச் சேர்த்தார். கூண்டில் நின்றபடியே... எங்கள் ஓலைச் சர்ச்சில் நிற்பது போல நின்றார். பிறகு, கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"பாயி திருடலய்யா. சின்ன முதலாளிதான் வித்தாக. பாயி காசு கொடுத்துத்தான் வாங்கினாக. நான்தான் ஆட்டைப் பிடிச்சுக் கொடுத்தேன்."



"போலீசில் வேற மாதிரி சொன்னியே?" என்று இன்ஸ்பெக்டர் சீறினார்.

"நான் சொல்லலய்யா. அவுக சொன்னாக, நான் தலையாட்டினேன்."

"கண்ணைத் திற! இப்ப யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தது? பயப்படாம உண்மையைச் சொல்லு!"

தைரியநாதன் கண்ணைத் திறந்தார். நேராகப் பெரிய வீட்டுக்காரரைப் பார்த்தார்; அடுத்து மைனரைப் பார்த்தார். கட்டை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"பயப்படாமச் சொல்ல முடியலய்யா. பயந்துக்கிட்டேதான் சொல்றேன். சின்ன முதலாளிதான் வித்தாக. செவலைக் கிடாய் ஒண்ணு போக மாட்டேன்னு அடம் பிடிச்சுச்சு. கயிறு பத்தலன்னு சின்ன முதலாளி தோள்ல கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தாக. அதுலதான் கட்டினேன்."

போலீஸ் ஆட்டோடு கைப்பற்றிய சாமான்களில் அந்தத் துண்டு இருந்தது. கொண்டுவந்து விரித்தார்கள். ஆட்டு வியாபாரி தோளில் போடுகிற துண்டா அது? சரிகைக் கரை! பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்த துண்டு. பெரிய வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். பிறகு அண்ணன் மகனைப் பார்த்தார். எழுந்து வெளியே போய்விட்டார்.

காதர் பாயை விடுதலை செய்தார்கள். கோர்ட் வாசலில் அவர் தைரியநாதனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பினார். தைரியநாதனும் தேம்பினார். லேயாள் மட்டும், "வாங்க, பொழுது சாயறதுக்குள்ள குடிசையைப் பிரிக்கணும்" என்றாள்.

ஆமாம், பிரித்தோம். பெரிய வீட்டுக்காரர் மனம் மாறி வந்து தடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மௌனமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வந்தார்கள். பெரிய வீட்டு நிலத்தில் குடியிருந்தவர்களும் வந்தார்கள். ஒருவர் விட்டத்தைத் தூக்க, ஒருவர் ஓலையைச் சுமக்க, சர்ச்சுக்குப் பின்னால் மிஷன் இடத்தில் மறுபடி குடிசை எழும்பியது. கொஞ்ச நாளில் காதர் பாய் நாலு வெள்ளாட்டுக் குட்டிகளை ஓட்டி வந்து வாரத்துக்கு விட்டார். வளர்த்துப் பெருகுவதில் பாதி உமக்கு, பாதி எனக்கு என்று. இப்போது தைரியநாதன் பட்டியில் சொந்த ஆடுகள் நிற்கின்றன.

வாசகர்கள் சிலர் எனக்கு எழுதுவதுண்டு: பயத்தை ஜெயிப்பது எப்படி? எனக்குத் தெரியாது ஸார். ஒரு தடவை தைரியநாதனிடமே கேட்டேன்... கண்ணை மூடியபோது பயம் போய்விட்டதா என்று. "எங்கய்யா போச்சு! அங்கனயேதான் நின்னுச்சு. ஆனா ஆண்டவரும் பக்கத்துல நின்னாரு" என்றார். பயமே இல்லாத மனிதருக்குத் தைரியம் எதற்கு? எங்கள் வறண்ட சீமையில் குடை விற்பது போலத்தான்.

இன்னும் ஒன்று பாக்கி. குடிசை மாற்றிய அந்த வார ஆராதனையில் பாஸ்டர் வழக்கம்போலக் கேட்டார்: "யாருக்காவது விண்ணப்பம் இருக்கிறதா?" நன்றி சொல்லத்தான் போகிறார் என்று நினைத்து எல்லோரும் தைரியநாதனைப் பார்த்தோம். எழுந்தார்.

"சின்ன முதலாளிக்காக ஜெபம் பண்ணணும். நான் கண்ணைத் திறந்தப்போ பார்த்தேன்... என்னையவிட அவுகதான் ரொம்பப் பயந்து போயிருந்தாக. சித்தப்பா எந்திரிச்சுப் போனப்புறம் அவுக பக்கத்துல யாருமே இல்ல."

ஜெபத்தை ஆரம்பித்தது லேயாள்தான். முதல் வரி கொஞ்சம் காரமாகத்தான் இருந்தது. ஆனாலும் முடிக்கும்போது, "அந்தப் பிள்ளை கூடவும் நில்லும்" என்றாள்.