தண்ணீர் அட்டை

எங்கள் கேபிளும் பஸ் ஸ்டாண்டுக்காரரின் கேபிளும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதாகத்தான் திண்டுக்கல்லில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சேருவது என்றால் இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்ச தூரம் நடந்து வர வேண்டும். அவர் இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை. எங்கள் மாடி அறையில் இருந்த வீடியோ டெக்கும் கேசட்டுகளும்தான் வேனில் ஏறிப் போயின.

எண்பதுகளின் பின்பாதி அது. டிவி வாங்கியவர்கள் வீட்டில் பாதி நேரம் புரியாத இந்தி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஆளாளுக்கு ஒரு வீடியோ டெக்கை வாங்கி வைத்து, மொட்டை மாடிகள் மேலே ஒயர் இழுத்து, வீடுகளுக்குப் படம் காட்ட ஆரம்பித்தார்கள். பகுதிக்கு ஒருவர். பேகம்பூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாய், பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அந்தப் பெரிய ஆள், எங்கள் தெருவிலும் அடுத்திருந்த இரண்டு சந்துகளிலும் நாங்கள். ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் ஒயர் இழுக்க மாட்டார். பாய் வீட்டு டெக் தொழுகை நேரத்தில் ஓடாது. எங்களுடையது தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஆட்டம் பாட்டுப் படம் போடாது. பெரிய வெள்ளியன்று டெக்கின் மேல் துணியைப் போட்டு மூடிவிடுவோம். இதையெல்லாம் யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை. யார் வீட்டுக்குப் படம் காட்டுகிறோம் என்பது எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

கேபிள் பெயருக்கு என் வீட்டுக்காரருடையது. அவர் பள்ளிக்கூட ஆசிரியர். பள்ளி விட்டு வந்தால் டியூஷன், டியூஷன் முடிந்தால் சாப்பாடு, தூக்கம். டெக்கைப் போடுவது, நிறுத்துவது, டெக்கின் ஹெட்டைத் துடைப்பது, படம் சரியில்லை என்று திட்டுபவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் நான்தான்.

ஆரம்பித்த புதிதிலேயே ஒரு வம்பு வந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் எப்போது வரும் என்று தண்ணீருக்கே தெரியாது. ஆத்தூர் அணையில் தண்ணீர் கீழே போய்விட்டால் அது வருவதற்கு நாள் கணக்கும் கிடையாது, நேரமும் கிடையாது. இந்தத் தெருவுக்கு மாலையில் வரும், அடுத்த தெருவுக்கு மறுநாள் மத்தியானம் வரும். வரத்து அவ்வளவு குறைவு என்பதால் வாசலில் பள்ளம் தோண்டி, குழாயை அதற்குள் இறக்கி வைத்திருப்போம். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயிலிருந்து காற்று சீறும். அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டுதான் பெண்கள் சமைப்பார்கள், துவைப்பார்கள், பேசுவார்கள். நாங்கள் படம் காட்ட ஆரம்பித்ததும் அந்தச் சத்தம் சண்டைக் காட்சியில் அமுங்கிப் போயிற்று. படம் முடிந்து வெளியே வந்து பார்த்தால் தண்ணீர் வந்து நின்று போயிருந்தது.

எதிர் வீட்டு அக்கா இடுப்பில் காலிக் குடத்தோடு வந்து நின்றார். "ஏத்தா, படத்தக் காட்டி எங்கள நல்லா ஏமாத்திப்புட்ட. இந்தக் குடத்துல என்ன, ஒன் கேசட்டப் போட்டு வைக்கவா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அன்றைக்கே ஒரு சார்ட் அட்டையில் குடம் ஒன்று வரைந்து, சுற்றிலும் கோலம் போட்டு, "தண்ணீர் வந்துவிட்டது. பிடித்து முடித்ததும் படம் தொடரும்" என்று எழுதினேன். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் அதை ஒரு கேசட் முழுக்கப் படம்பிடித்துத் தந்தார். எங்கள் வீடு தெருவின் தலைப்பில் இருந்ததால் காற்று முதலில் எங்கள் குழாயில்தான் சீறும். சீறியதும் மாடிக்கு ஓடுவேன். கதாநாயகி அழுதுகொண்டிருந்தாலும் சரி, வில்லன் குத்துப்பட்டுக் கிடந்தாலும் சரி, அந்தக் கேசட்டை உருவிவிட்டுத் தண்ணீர் கேசட்டைச் செருகுவேன். தெருவில் கதவுகள் படபடவென்று திறக்கும். கடைசி வீடு வரை பிடித்து முடித்த பிறகுதான் மீதிப் படம். முதலில் முணுமுணுத்த ஆண்கள்கூட, போகப் போக, குடம் தூக்க வந்தார்கள். அந்த அட்டையைப் போல இந்த ஊரில் எந்தப் படமும் ஓடியிருக்காது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

பஸ் ஸ்டாண்டுக்காரர் டெக்குகளை வாங்கிக் குவித்தார். புதுப்படக் கேசட் எது வந்தாலும் அவர் கைக்குப் போன பிறகுதான் எங்களுக்கு வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. பேகம்பூர் பாய் முதலில் விட்டுக்கொடுத்தார். அடுத்து என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாவகாசமாகச் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பேசி முடிச்சிட்டேன். நாளைக்கு வேன் வரும்" என்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"ஒத்த டெக்க வச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்கு மல்லுக்கட்டுறது? ஒனக்கும் ஓய்வா இருக்கும்ல."

நான் ஓய்வு கேட்டேனா? அவர் மேல் எனக்கு வந்த கோபம் பல மாதம் ஆறவில்லை. டெக்கோடு என் தண்ணீர் கேசட்டும் போய்விட்டது. எங்கள் மாடியில் மிஞ்சியது சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் பெட்டி ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் ஒயர் அதில் நுழைந்து எங்கள் தெருவுக்குப் பிரிந்து போயிற்று.

பிறகு ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே படம். பெரிய வெள்ளியன்று குத்துப்பாட்டு ஓடியது. பாயின் மனைவி என்னைக் கடைத்தெருவில் பார்த்து, "பாங்கு சொல்றப்பவும் டிஷ்யூம் டிஷ்யூம்னு ஓடுது. நாங்க டிவியவே அமத்திப் போட்டுட்டோம்" என்றார். அட்டையைப் பற்றிக் கேட்க நான் பஸ் ஸ்டாண்டுக்கே போனேன்.

"என்னக்கா, ஒங்க ஒரு தெருவுல தண்ணி வருதுன்னு ஊரு பூராவும் படத்த நிறுத்தச் சொல்றீங்களே, நாயமா?" என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எங்க தெருவுக்கு மட்டும் நிறுத்துங்க."

"அது ஆகாதுக்கா. எல்லாம் ஒரே லைன்."

அதற்காகத்தானே தெருவுக்குத் தெரு ஒருவர் இருந்தோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு என்ன தோன்றியதோ, மறுவாரம் என் கேசட்டைத் தேடியெடுத்து மாலைப் படத்தின் நடுவில் போட்டுவிட்டார். நான் போட்ட கோலம், நான் வரைந்த குடம். எந்தத் தெரு என்று அதில் எழுதியிருக்கவில்லை. எங்கள் தெருவுக்கும் இரண்டு சந்துக்கும் தண்ணீர் சேர்ந்தே வந்ததால் அது தேவைப்பட்டதில்லை. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, காய்ந்த குழாயைத் திருகிக்கொண்டு நின்றது. அவர் என்னமோ நல்லது செய்துவிட்டதாக நினைத்தார். திட்டு விழுந்ததும் அதையும் நிறுத்திவிட்டார்.

எதிர் வீட்டு அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்றுப் படுத்திருந்த சமயம் அது. ஒரு மாலையில் என் குழாய் சீறியது. நான் தெருவில் இறங்கிக் கதவு கதவாகத் தட்டினேன். உள்ளே எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பாதித் தெரு முடிவதற்குள் தண்ணீர் நூலாகி நின்றுவிட்டது. கோயிலுக்குப் போயிருந்த அக்கா திரும்பி வந்து பார்த்தார். நான் தட்டியது கேட்காமல் மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பிள்ளையின் துணி ஒரு கூடை குவிந்து கிடந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என்னிடமிருந்த இரண்டு குடத்தில் ஒன்றை அவர் வீட்டில் இறக்கிவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அடுத்த முறை குழாய் சீறியபோது நான் தெருவில் இறங்கவில்லை. மாடிக்குப் போய் பூஸ்டர் பெட்டியிலிருந்து எங்கள் தெரு ஒயரைப் பிடுங்கினேன். பாட்டு நின்று எல்லா டிவியிலும் புள்ளி புள்ளியாக இரைந்தது. என்ன கோளாறு என்று பார்க்க ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் காதில் குழாய்ச் சத்தம் விழுந்தது. கடைசி வீடு பிடித்து முடித்ததும் ஒயரை மறுபடி செருகினேன். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு கோளாறு பார்க்க யாரும் வரவில்லை. டிவி இரைந்தால் குடத்தோடுதான் வந்தார்கள். லைன் பார்க்க வந்த ஆளிடம் எதிர் வீட்டு அக்கா, "எங்க வீட்டுல கண்ணாடியாட்டம் தெரியுதேப்பா" என்று முகம் மாறாமல் சொன்னார். அந்த ஆள் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்காரரே ஒரு சாயங்காலம் வந்தார். நல்ல வெயில் காலம். மாடிப்படி ஏறி, பெட்டியைத் திறந்து, திருகாணிகளைத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் புரியலயேக்கா. இந்தத் தெருவுல மட்டும்தான் அடிக்கடி அந்துபோகுது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

கொண்டுவருகிறேன் என்று இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைத்தபோது வாசல் பள்ளத்துக்குள் குழாய் சீறியது. செம்பை எடுக்கவில்லை. திரும்பி மாடிக்கு ஏறி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எங்கள் தெரு ஒயரைப் பிடுங்கினேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கீழே கதவுகள் திறந்தன. எதிர் வீட்டு அக்கா, அவர் பின்னால் கைக்குழந்தையோடு மகள், பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. குடங்கள் வரிசையாக வாசலில் இறங்கின. ஒருவரும் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கைப்பிடிச் சுவரோரம் நின்று தெருவின் கடைசி வரை பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ஒயரைப் பார்த்து, அதை வாங்குவதற்குக் கையை நீட்டினார்.

"செத்த நேரம் இருங்க" என்றேன். "இப்பத்தான் வந்திருக்கு. கடைசி வீடு வரைக்கும் பிடிக்கட்டும், ஒங்களுக்கும் கொண்டாரேன்."