புது லைனுக்கு நூறு மார்க்

கிளை ஆபீஸின் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் வேகமான புது இன்டர்நெட் லைனில் போகும்படி வழியைத் திருப்பிவிட்டு, நெட்வொர்க் இன்ஜினியர் லீவு வாங்கியிருந்தார். மூன்று மணிக்கு மனைவிக்குக் கண் ஆபரேஷன். கிளம்பும் நேரத்தில், அந்தக் கிளைக்கு மேனேஜரான மச்சினன் போன் செய்தான்.

“மாமா, எல்லாம் பழைய லைன்லயே ஊருது.”

“எதையாவது நோண்டினியா?”

“செட்டிங்ல புது லைனுக்கு நம்பர் ஒண்ணு, பழசுக்குப் பத்துன்னு போட்டிருந்தீங்க. புதுசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நூறாக்கினேன்.”

அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“பரீட்சை மார்க்காடா அது? சின்ன நம்பர் போட்ட வழியிலதான் எல்லாம் போகும். பழையபடி ஒண்ணே போடு. அங்க ஆஸ்பத்திரில உங்கக்கா கண்ணுல சொட்டு மருந்தோட உக்காந்திருக்கா.”

“போட்டுட்டேன் மாமா, பறக்குது. அப்ப பழசை நூறாக்கிடவா?”

அவர் போனை வைத்தார். லேப்டாப்பைத் திறந்து, கிளை நெட்வொர்க்கின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத்தான் பைக்கை எடுத்தார்.