முன்சக்கர அச்சும் பாவாயியின் எருமையும்

திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டோரம் ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு கடைகள். ஒன்று என் தையல் கடை, மற்றது அர்த்தநாரியின் சைக்கிள் கடை. நடுவில் ஒரு மூங்கில் தட்டி மட்டும்தான். பதினோரு வருஷம் அந்தத் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த மனுஷரைச் சகித்துக்கொண்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

சகித்துக்கொண்டேன் என்று சும்மா சொல்லவில்லை. எதையும் 'ஏன்' என்று கேட்காமல் விட அவருக்குத் தெரியாது. என் மெஷினில் கீழ் நூல் எப்படி மேல் நூலைப் பிடிக்கிறது என்று பார்ப்பதற்காக, தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அதைப் பிரித்துப் போட்டுவிட்டார். திரும்பப் பூட்டியும் கொடுத்தார். முன்பைவிட நன்றாகவே ஓடியது, அது வேறு விஷயம். போன ஒரு நாளை யார் கொடுப்பது? ஊரில் பாதிப் பேரிடம் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மளிகைக் கடைத் தராசு, கோயில் மடப்பள்ளிப் பூட்டு, டாக்டர் வீட்டுக் கடிகாரம், எல்லாம் அவர் கை பட்டவைதான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தறிக்குப் பாவு ஓடும் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, வாடகைக்கு எடுத்த சைக்கிளை ஒருநாள் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, அடி வாங்கிக்கொண்டே திரும்ப மாட்டியதுதான் அவர் தொழில் கற்ற கதை.

யுத்தம் முடிந்த மறு வருஷம், நூல் ஏஜண்ட் வேலுசாமி பெங்களூர் ஏலத்தில் ஒரு பட்டாளத்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார். குமாரபாளையத்துத் தறிக்காரர்களுக்கு நூல் பங்கீடு பார்ப்பது அவர் வேலை. வாரத்தில் நாலு நாள் அந்த ரோட்டில் போய்வர வேண்டும். பச்சைப் பெயிண்ட் அடித்த அந்த வண்டி எங்கள் கடை முன்னால் நின்ற அன்று அர்த்தநாரி சாப்பிடப் போகவில்லை. அதுவரை இந்தப் பக்கம் வந்த மோட்டார் சைக்கிள்களில் முன்னால் பெரிய ஸ்பிரிங் ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். இதில் அது இல்லை. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு தடித்த குழாய்கள், அவ்வளவுதான். கைப்பிடியை அழுத்தினால் குழாய் குழாய்க்குள் இறங்கி மேலே வந்தது.

"ஸ்பிரிங்க உள்ளார ஒளிச்சு வெச்சுருக்கான் டைலரே" என்று என்னிடம் சொன்னார். சொந்தக்காரர் ஒருவர் ரகசியமாகக் கல்யாணம் முடித்துவிட்டது போன்ற ஆச்சரியம் அந்த முகத்தில். எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஒளித்து வைத்தால் உமக்கென்ன என்று கேட்டேன்.

மாசி மாதத்தில் ஒருநாள் முன்சக்கரத்தில் முள் ஏறியது. வேலுசாமி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். அர்த்தநாரிக்கு இதைவிடப் பாக்கியம் வேறென்ன வேண்டும்? இன்ஜினுக்கு அடியில் கல்லை அண்டக் கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கி, அச்சை உருவி, சக்கரத்தை எடுத்து, டியூபை ஒட்டினார். பிறகு திரும்ப மாட்டினார். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

இங்கே சைக்கிள் கடைக்காரர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரம் மேலே நிற்கும்போதே அச்சின் இரண்டு பக்க நட்டையும் ஒரே மூச்சில் இறுக்கிவிடுவார்கள். கடைசியில் ஸ்பேனரில் தொங்கி ஒரு இழு இழுத்தால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். சைக்கிளுக்கு அது போதும். அர்த்தநாரியும் இந்த வண்டிக்கு அதையே செய்தார். சக்கரம் அந்தரத்தில் நிற்க, அச்சை நுழைத்து, ஒரு பக்கம் நட்டை இறுக்கினார். மறு பக்கம் குழாயின் அடியில், அச்சைக் கவ்விப் பிடிக்கிற போல்ட் ஒன்று இருந்தது. அதையும் உடனே ஸ்பேனரில் தொங்கி இறுக்கினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார், நேராகச் சுற்றியது. வேலுசாமி போனார்.

மறுநாள் மதியம் வேலுசாமியைக் கட்டை வண்டியில் கொண்டுவந்தார்கள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஊருக்கு மேற்கே ஓடைப் பாலத்து வளைவில், பாவாயி என்ற கூலிக்காரியின் எருமை குறுக்கே வந்துவிட்டது என்றார்கள். எருமைக்கு விலாவில் சிராய்ப்பு மட்டும். ஊர் மணியக்காரர் அன்று சாயங்காலமே அதைப் பிடித்து, பிடிபட்ட மாடுகளைப் போடும் பவுண்டில் அடைத்துவிட்டார். தண்டம் கட்டி மீட்காவிட்டால் அடுத்த சந்தையன்று ஏலம். பாவாயிக்குப் புருஷன் இல்லை. அந்த எருமைப் பாலை ஊற்றித்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. தண்டம் கட்ட அவளிடம் என்ன இருந்தது?

பவுண்டு எங்கள் கடைக்குப் பின்னால். தினமும் காலையில் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களைக் கடந்துதான் அவள் போவாள். நெளிந்த கைப்பிடியோடு வண்டி கடை முன்னால் கிடந்தது. முதல் நாள் அவள் அதன் முன்னால் நின்றாள். நின்றவளை அர்த்தநாரி விடுவாரா? எருமை எங்கே நின்றது, தலை எந்தப் பக்கம், வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று போலீஸ்காரர் போலத் துருவினார். அவள் அழவில்லை, கோபமாகத்தான் இருந்தாள்.

"என்ற எருமை ரோட்டுக்கே வரலீங்கண்ணா. ஓடைப் பக்கம் சேத்துல நின்னுட்டிருந்துச்சு. வண்டிதானுங்க அதையத் தேடீட்டு வந்துச்சு."

எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அர்த்தநாரி சிரிக்கவில்லை. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, வளைவுக்கு முன்னால் ரோட்டில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி இருக்கிறது என்றார். சக்கரத் தடம் குழியில் இறங்குகிறது, ஏறுகிறது. அதற்கப்புறம் வளையாமல் நேராகச் சேற்றுக்குள் போகிறதாம். எருமையைக் கண்டு ஒதுங்கின வண்டி என்றால் தடம் நெளிந்திருக்க வேண்டுமே, ஏன் நெளியவில்லை? இதை என்னிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? எனக்கு ரவிக்கைக் கழுத்து வெட்டத்தான் தெரியும்.

அடுத்த இரண்டு நாள் அவர் வேறு வேலை எடுக்கவில்லை. நெளிந்த கைப்பிடியை நிமிர்த்திவிட்டு, அதைப் பிடித்து அழுத்துவதும் விடுவதுமாக இருந்தார். அழுத்தினால் குழாய் உள்ளே போனது. விட்டால் மேலே வரவில்லை. திக்கித் திக்கி, அரை அங்குலம் வந்து நின்றது. வாங்கின புதிதில் அப்படி இல்லை என்பது எனக்கே நினைவிருந்தது. விழுந்ததில் வளைந்திருக்கும் என்றேன். அவருக்கும் அதே ஆசை இருந்திருக்க வேண்டும். முகம் சற்றுத் தெளிந்தது. ஆனால் ஆசையோடு நிற்கிற ஆளா அவர்?

அடியில் கவ்வியிருந்த அந்தப் போல்ட்டைத் தளர்த்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். குழாயின் அடிப்பக்கம் நகக்கண் அளவு உள்ளே நகர்ந்து நின்றது. இப்போது கைப்பிடியை அழுத்திவிட்டார், சட்டென்று மேலே வந்தது. பத்துத் தடவை அழுத்தினார், பத்துத் தடவையும் வந்தது. போல்ட்டை இறுக்கினார், அப்படியும் வந்தது. ஆக, விழுந்ததில் எதுவும் வளையவில்லை.

எனக்கு அதோடு போதும். அவருக்குப் போதவில்லை. மறுபடி கல்லை அண்டக் கொடுத்தார், சக்கரத்தைக் கழற்றினார், அன்று செய்தபடியே அந்தரத்தில் மாட்டி, அந்தப் போல்ட்டைத் தொங்கி இறுக்கினார். கீழே இறக்கி அழுத்தினார். குழாய் உள்ளே போய் அங்கேயே திக்கி நின்றது.

மூன்று தடவை இப்படி மாற்றி மாற்றிச் செய்தார். அந்தரத்தில் தொங்கும் குழாய் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்திலேயே போல்ட் அச்சைக் கவ்விக்கொள்கிறது. இரண்டு குழாயும் ஒன்றுக்கொன்று நேராக நிற்பதில்லை. குழியில் இறங்கினால் குழாய் உள்ளே சிக்கி, முன்பக்கம் அமுங்கியபடியே கிடக்கும். கைப்பிடி திரும்ப மறுக்கும். சக்கரம் தரையில் இருக்க, பலமுறை அழுத்திவிட்டு, குழாய் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்த பிறகுதான் அந்தப் போல்ட்டை இறுக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தபோது சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் கிடைத்தது போல அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே செத்துப்போனது. அந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நான் பார்த்தேன்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வாயை மூடிக்கொண்டு சும்மா இரும் என்றேன். யாருக்கும் தெரியாது, வண்டியும் இப்போது சரியாகிவிட்டது, உம்மேல் ஒருவரும் குறை சொல்லவில்லை, ஏன் வலியப் போய்க் கழுத்தை நீட்டுகிறீர் என்றேன். அவர் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அது நாலாம் நாள். பாவாயி புல்லுக்கட்டோடு வந்தாள். எருமை ரோட்டுக்கு வரவே இல்லை என்று நிச்சயமாகத் தெரியுமா என்று அர்த்தநாரி மறுபடி கேட்டார். அவள் கட்டை இறக்கவில்லை. வந்துதான் இருக்கும்போல, எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள், தான் அந்தச் சமயம் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தோமோ என்னவோ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குரலில் கோபம் இல்லை. அதைக் கேட்டதும்தான் அர்த்தநாரி எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

மணியக்காரர் வீட்டு வாசலுக்கு வண்டியை அவரே தள்ளிக்கொண்டு போனார். கல்லை நான் சுமந்தேன். வேலுசாமியும் கட்டுப் போட்ட கையோடு வந்தார். எல்லாருக்கும் முன்னால் அர்த்தநாரி இரண்டு விதமாகவும் பூட்டிக் காட்டினார். மணியக்காரரையே கைப்பிடியை அழுத்திப் பார்க்கச் சொன்னார். பிறகு சொன்னார்:

"தப்பு எருமை மேல இல்லீங்க. நாந்தான் சைக்கிளப் பூட்டறாப்புல பூட்டிப்போட்டேன்."

வேலுசாமி பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மனுஷன் கையை முறித்துக்கொண்டவர், அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. இனி உன் கடை வாசலை மிதித்தால் கேள் என்று சொல்லி, வண்டியை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். சொன்னபடியே அப்புறம் அவர் வரவில்லை. அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வரவில்லை. மணியக்காரருக்கும் முகம் சுளித்தது. ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டு வந்து பவுண்டைத் திறந்தார்.

பாவாயி உள்ளே எருமைக்குப் புல்லை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போ என்று மணியக்காரர் சொன்னதும் அவளுக்குப் புரியவில்லை. தண்டம் யார் கட்டியது என்று கேட்டாள். யாரும் கட்டவில்லை, எருமை ரோட்டுக்கு வரவில்லை, வண்டியைப் பூட்டினதில்தான் தப்பு, அந்தத் தப்பு தன்னுடையது என்று அர்த்தநாரி ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்து நின்றது எனக்குத் தெரிந்தது. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

அவள் எருமையின் முதுகைத் தொட்டாள். அது சட்டென்று விலகிச் சுவரோடு ஒண்டியது. அதன் முதுகில் பட்டை பட்டையாகத் தடிப்புகள் இருந்தன. வண்டி பட்டது விலாவில், முதுகில் இல்லை.

"நாலு பேரு சொன்னதும் நானும் நம்பிப்போட்டனுங்கண்ணா" என்றாள். "உன்னாலதாண்டி இத்தனையும்னு, நேத்து இதையப் போட்டு அடிச்சுப்போட்டேன்."