மரங்கள் சாய்ந்து நின்ற பக்கம்

ஜெமீலாவின் தம்பி ஹிஷாம் வீட்டைவிட்டுப் போனது, அவன் மனைவி றிபா டெங்குக் காய்ச்சலில் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சாய்ந்தமருது வீட்டில் பாரிசவாதத்தில் கிடந்த வாப்பாவைப் பார்க்கும் வேலை முழுவதும் அன்றோடு ஜெமீலாவின் தலையில் விழுந்தது. புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், கஞ்சி பருக்க வேண்டும். அதற்கிடையில் தம்பியைக் கண்டீர்களா என்று ஊரெல்லாம் விசாரிக்கவும் வேண்டும். வாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தபடியே தூங்கி அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஓகஸ்ட் மாதம் ஒரு காலையில், தெரியாத இலக்கத்திலிருந்து அவளுடைய ஃபோனுக்கு ஒரு படம் வந்தது. மலை. கீழே ஒரு வரி: "நான் சொகமா இரிக்கன் ராத்தா, தேடாதீங்க." திருப்பி அழைத்தால் அந்த ஃபோன் வேலை செய்யவில்லை.

மலையும் முகிலும் என்றால் நுவரெலியாதான் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். ஜெமீலாவின் கணவர் காலிதீன் லொறி ஓட்டுபவர். மாவடிப்பள்ளி மில்லிலிருந்து மலைநாட்டுக்கு அரிசி ஏற்றிப்போய் மரக்கறி கொண்டுவருவார். வாப்பாவை மைனி றினோஸாவிடம் ஒப்படைத்துவிட்டு அவள் அவருடன் ஏறிப் போனாள். நுவரெலியாவில் விடாத மழை. இரண்டு கிழமையாக இப்படித்தான் என்றார்கள் கடைக்காரர்கள். பள்ளிவாசலிலும் சந்தையிலும் படத்தைக் காட்டினாள். யாருக்கும் தெரியவில்லை. நனைந்த முந்தானையோடு திரும்பி வந்து காய்ச்சலில் படுத்தாள்.

காய்ச்சல் விட்ட பகலில், வாப்பா தூங்கிக்கொண்டிருக்க, சும்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே, மேற்கே மலைப்பக்கமிருந்து வீசும் கச்சான் காற்று மணலை அள்ளி ஜன்னலில் எறிந்தது. படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு நிழல் நீளமாகக் கிடந்தது. படம் எடுத்தவனின் நிழல். தோள் ஒரு பக்கம் இறங்கி, ஹிஷாமேதான். அதைக் கண்டதும் அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது.

"இஞ்சாருங்க, இதக் கொஞ்சம் பாருங்க," என்று காலிதீனைக் கூப்பிட்டாள். "புல்லு வைக்கோல் மாதிரிக் காஞ்சி கிடக்கு. நாம போன இடத்துல மழையல்லவா?"

காலிதீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஓம். முகில் மலை உச்சியிலதான் நிக்கிது. இஞ்சால எறங்கல்ல."

"படம் வந்தது விடியக்காலம். வெயில் அவன்ட முதுகுக்குப் பின்னால. நிழல் மலையப் பாத்து விழுந்திரிக்கி. அப்ப மலை மேக்காலதானே?"

"மரத்தப் பாரு புள்ள. எல்லாம் மலைய உட்டுப்போட்டு இஞ்சால சாஞ்சி நிக்கிது. நம்மட கச்சான்தான் அது. மலைக்கு அங்கால மழையக் கொட்டிப்போட்டு, இஞ்சால வெறும் காத்தா வாற இடம்."

மலையடிவாரத்தில் படிப்படியாகச் செடிகள் நின்றன. ஜெமீலா விரலால் இன்னும் பெரிதாக்கினாள். செடிகளைச் சுற்றி வரம்பு. தண்ணீர் கட்டும் வாய்க்கால். வயற்காரன் மகளுக்கு அது வயல்தான் என்று தெரிந்தது. ஆனால் நெல் இல்லை.

காலிதீன் நிமிர்ந்தார். "வயலுக்குள்ள உருளைக்கிழங்கு. நெல்லு வெட்டிப்போட்டுக் கிழங்கு போடுறவங்க நுவரெலியாக்கு இஞ்சால, வெலிமடப் பக்கம்தான். அந்த ரோட்டுல எத்தின தரம் போயிரிக்கன், தெரியாமப் போச்சே."

அடுத்த அரிசி லோட்டோடு போனார்கள். வெலிமடையைத் தாண்டியதும் காலிதீன் வளைவுக்கு வளைவு லொறியை நிறுத்தி, படத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு இடத்தில் உச்சி பொருந்தவில்லை. பிறகொரு வளைவில் எல்லாம் பொருந்தி வந்தது. அந்த மரங்கள்கூட அப்படியே சாய்ந்து நின்றன. கீழே கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தவர்களிடம் ஜெமீலா இறங்கிப் போனாள். மூட்டையொன்றைத் தோளில் ஏற்றியபடி நிமிர்ந்தவன் ஹிஷாம்.

அவனை நாலு வார்த்தை ஏச வேண்டுமென்று வழியெல்லாம் நினைத்து வந்தவள், வரம்பில் குந்திவிட்டாள்.

"என்னத்துக்கு ராத்தா வந்தீங்க?"

"ஏலாமப் போச்சு தம்பி. அதான் வந்தன்."

அவன் மூட்டையை இறக்கிவிட்டு எதிரில் உட்கார்ந்தான். "அந்த ஊட்டுக்குள்ள போனா எனக்கு மூச்சு முட்டுது. அவட உடுப்பு, வயித்துப் புள்ளைக்கு அவ வாங்கி வெச்ச தொட்டில்... இஞ்ச வேலைக்குப் பொறகு விழுந்து படுத்தாத் தூக்கம் வருது."

"எனக்கு அதுவும் இல்ல," என்றாள் ஜெமீலா. அவன் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தான்.

அவள் றினோஸாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்து ஃபோனை அவனிடம் நீட்டினாள். வாப்பா வாய் கோணியபடி அவனை வெகுநேரம் பார்த்தார். "அங்க குளிராடா?" என்று குழறினார்.

"ஓம் வாப்பா, பெரிய குளிர்," என்றான் ஹிஷாம். ஃபோனை ஜெமீலாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கினான்.

அன்று அவன் அவர்களோடு வரவில்லை. ஜெமீலாவும் கெஞ்சவில்லை. கிழங்கு கிண்டி முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தானாகவே வந்து இறங்கினான். றிபாவின் அறைக்குள் போகாமல் வாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டான். வாப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டினான், தாடியை ஒதுக்கிவிட்டான், கஞ்சி பருக்கினான்.

"நீங்க போய்ப் படுங்க ராத்தா. நான் பாக்கிறன்."

மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் படுத்த ஜெமீலா, பின்னேரம் அஸர் பாங்கு சொன்னதும் தெரியாமல் தூங்கினாள். அவன் நின்ற ஒரு கிழமை முழுவதும் பகலில் அவள் செய்த வேலை அதுதான். பிறகு அவன் வெலிமடைக்கே திரும்பிப் போனான், மாதம் ஒரு தரம் வருவதாகச் சொல்லி. யாரும் அவனை மறிக்கவில்லை.